மனிதர் அனைவருக்கும் ஒரே புத்தியா?

(யூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பாட்டும் நாடகமும் அன்னதானமும் நிறைந்த இந்த யூபிலி வாரத்திலே, எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அரபு ஞானிகளும் லத்தீன் வேதசாத்திரிகளும் ஆன்மாவையும் புத்தியையும் பற்றி நடத்திய வாதத்தை எடுத்துப் பேசுவது, கலியாணப் பந்தியில் பாகற்காய் பரிமாறுவது போலத் தோன்றலாம். ஆயினும் நம் கோவிலில் திருப்பலிக்கு முன் வாசிக்கப்படும் கருத்துக்களைச் சற்றே கவனியுங்கள். இறந்துபோன இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பெயர் சொல்லி வாசிக்கிறார்கள். சவரியம்மாளுக்கு ஒரு பூசை, அந்தோணிமுத்துவுக்கு ஒரு பூசை. பெயர் எதற்கு? சவரியம்மாளின் ஆன்மா சவரியம்மாளுடையதே, வேறொருவருடையது அன்று என்று நாம் விசுவசிப்பதால் அன்றோ?

அந்த விசுவாசத்தின் வேரையே அசைத்துப் பார்த்த ஒரு கேள்வி 13-ஆம் நூற்றாண்டில் பாரீஸ் நகரத்திலே எழுந்தது. மனிதர் அனைவரும் சிந்திப்பது ஒரே புத்தியாலா? சிந்திக்கிற அந்தப் புத்தி மட்டுமே அழியாதது என்றால், ஆளுக்கு ஆள் அழியாமல் எஞ்சுவது என்ன? இதைக் கேட்டவர்கள் விதண்டாவாதிகள் அல்லர். மிகப் பெரிய அறிவாளிகள். ஆகவே கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

வந்தது கிரேக்க நாட்டிலிருந்து. கிறிஸ்து பிறப்பதற்கு முன் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். செடிக்கும் ஆன்மா உண்டு, அதனால் அது வளர்கிறது. மிருகத்துக்கும் உண்டு, அதனால் அது பார்க்கிறது, கேட்கிறது. மனிதனோ அவற்றோடுகூட அறிகிறான் என்பது அவர் போதனை. அந்த அறியும் சக்தியைத்தான் நம் பழைய ஞானோபதேசம் புத்தி என்று சொல்லும். நூலின் மூன்றாம் பாகத்தில் இருபது வரிக்கும் குறைந்த ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. எந்தப் பொருளிலும் உருவத்தை ஏற்பது ஒன்று, உருவத்தை ஆக்குவது ஒன்று என இரண்டு உண்டு. மண் ஏற்கிறது, குயவனின் தொழில்திறம் ஆக்குகிறது என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். அதுபோலப் புத்தியிலும் அறிவை ஏற்பது ஒன்று, அறிவை ஆக்குவது ஒன்று. இருட்டில் நிறங்கள் இருந்தும் தெரியாதிருக்க, வெளிச்சம் வந்து அவற்றைக் காட்டுவதுபோல் ஆக்கும் புத்தி வேலை செய்கிறது. அது தனித்தது, கலப்பற்றது, அழியாதது என்று சொல்லி அரிஸ்டாட்டில் நிறுத்திக்கொண்டார். அது நமக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? ஆளுக்கொன்றா, அனைவருக்கும் ஒன்றா? அதைச் சொல்லவில்லை. அந்த மகான் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் பின்வந்தோரின் எத்தனையோ இறகுப் பேனாக்கள் தேயாமல் இருந்திருக்கும்!

கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த உரையாசிரியர் அப்ரோதிசியாவின் அலெக்சாந்தர் அந்த ஆக்கும் புத்தி கடவுளே என்றார். 4-ஆம் நூற்றாண்டில் தெமிஸ்தியு என்பவர் வேறுவிதமாய் விளக்கினார். பிறகு இந்த நூல்களெல்லாம் பாக்தாத் நகரத்துக்குப் போயின. 9-ஆம் நூற்றாண்டில் கலீபாக்களின் ஆட்சியில் அங்கே கிரேக்க நூல்களை அரபியில் பெயர்க்கும் பெரும்பணி நடந்தது. அதில் தலைசிறந்து விளங்கிய மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம். 873-இல் இறந்த அவரும் அவர் மகன் இஸ்ஹாக்கும் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். போர்த்துகீசியர் வருமுன் மலையாளக் கரையின் தோமா கிறிஸ்தவர்களுக்கு மேற்றிராணிமார்களை அனுப்பிவந்ததும் அதே திருச்சபைதான். ஆக, அரிஸ்டாட்டிலை இஸ்லாமியர் கையில் கொடுத்தவர்களுள் கிறிஸ்தவர்கள் முன்நின்றார்கள். பின்னர் இஸ்லாமியர் அதைப் பலமடங்காக்கி நமக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அல் கிந்தி, அல் பாராபி ஆகியோர் இத்துறையில் முன்னோடிகள். எனினும் 980-இல் புகாரா நகருக்கு அருகே பிறந்து 1037-இல் இறந்த இப்னு சீனாவிடம் சற்று நின்று போக வேண்டும். லத்தீன் மொழியினர் அவரை அவிசென்னா என்பர். அவருடைய மருத்துவ நூல் ஐரோப்பியக் கலாசாலைகளில் பல நூற்றாண்டு பாடநூலாய் இருந்தது. வானமண்டலங்களுக்கு உரிய பத்துத் தூய அறிவுகள் உண்டு என்றும், அவற்றுள் கடைசியானதே நமக்கு அறிவொளி தரும் ஆக்கும் புத்தி என்றும் அவர் கொண்டார். அது அனைவருக்கும் ஒன்று. ஆனால் அதை ஏற்கும் ஆன்மாவோ ஆளுக்கு ஒன்று, அழியாதது.

ஆன்மா உடலுக்கு வேறானது என்பதை உணர்த்த அவர் ஒரு கற்பனை சொன்னார். முழு வளர்ச்சியோடு ஒரு மனிதன் இந்தக் கணமே படைக்கப்பட்டு, ஆகாயத்தில் மிதக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் மூடியிருக்கிறது. காற்றுகூட உறைக்கவில்லை. கைகால்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகியிருக்கின்றன. தனக்கு உடம்பு உண்டா என்பதே அவனுக்குத் தெரியாது. ஆயினும் நான் இருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியாமல் போகுமா? போகாது என்கிறார் இப்னு சீனா. ஆகவே அந்த நான் உடம்பு அன்று. எவ்வளவு எளிமை, எவ்வளவு ஆழம்! கூட்டைவிட்டுப் பறவை பறந்துவிட்டது என்று இழவு வீட்டில் நாம் சொல்லும் பேச்சுக்கும் இது மிக நெருங்கியது. அந்தப் பேச்சில் ஒரு குறை இருப்பதைப் பிறகு காண்போம்.

இஸ்லாமியருக்குள்ளேயே இந்த ஞானிகளுக்கு எதிர்ப்பும் பலமாய் இருந்தது. 1111-இல் மறைந்த பெரும் இறையியலார் அல் கஸ்ஸாலி தத்துவ ஞானிகளைக் கண்டித்து 20 விஷயங்களில் வாதாடி ஒரு நூல் எழுதினார். உடலின் உயிர்த்தெழுதலை அவர்கள் மறுக்கிறார்கள் என்பது அவர் சாட்டிய மூன்று பெருங்குற்றங்களுள் ஒன்று. உயிர்ப்பைப் பற்றிய கவலை நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அல் கஸ்ஸாலிக்கு மறுப்பு எழுதியவர்தான் நம் உரையின் முக்கியமான மனிதர், இப்னு ருஷ்து. லத்தீனில் அவெரோயஸ். ஸ்பெயின் தேசத்துக் கொர்தோபாவில் 1126-இல் நீதிபதிகளின் குடும்பத்தில் பிறந்து, தாமும் செவீலியாவிலும் கொர்தோபாவிலும் நீதிபதியாய் விளங்கினார். அரசருக்கு மருத்துவர். அரிஸ்டாட்டில் விளங்கவில்லையே என்று அரசர் குறைப்பட்டதால் உரை எழுதத் துணிந்தார் என்பார்கள். ஆன்மா நூலுக்கு மட்டும் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று உரைகள் எழுதினார். ஒவ்வொன்றிலும் கருத்து மாறியது. கடைசிவரை அந்த இருபது வரி அவரை விடவில்லை.

பெரிய உரையில் அவர் கண்ட முடிவு இது. ஆக்கும் புத்தி மட்டுமல்ல, ஏற்கும் புத்தியும் மனிதர் அனைவருக்கும் ஒன்றே. அது என்றும் உள்ளது. ஏன் அப்படிச் சொன்னார்? நம் மறைக்கல்வி வகுப்பையே எடுத்துக்கொள்வோம். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணம் என்று ஆசிரியர் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளைகள் அறிந்தது ஒரே உண்மையா, நாற்பது உண்மைகளா? ஒரே உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் புத்தியும் தனித்தனி என்றால், அதில் விழுந்த அறிவும் அந்தப் பிள்ளைக்கே உரிய தனிப்பொருள் ஆகிவிடுமே. ஆசிரியரிடம் இருந்ததே மாணவனிடமும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒரு தீபம் இன்னொரு தீபத்தை ஏற்றினால் இரண்டு சுடர்கள் ஆகும். ஓர் உண்மை இரண்டு உண்மை ஆகாது. ஆகவே அறிவு தங்கும் இடம் ஒன்றே என்றார் இப்னு ருஷ்து. நாம் ஒவ்வொருவரும் செய்வது, கண்டதையும் கேட்டதையும் மனச்சித்திரங்களாகச் சேர்த்து அந்தப் பொதுப் புத்தியின் முன் வைப்பது. சித்திரங்கள் நம்முடையவை, அவை உடலோடு அழியும். மனித குலத்தின் அறிவு மட்டும் அழியாமல் நிற்கும்.

இதைக் கேட்டவுடன் நாத்திகம் என்று சொல்லிவிடலாகாது. கேள்வி உண்மையான கேள்வி. அவரும் தம் மார்க்கத்தின் மறுமைப் போதனையை மறுக்கவில்லை. அதைத் தாக்குவது தகாது என்றே எழுதினார். ஆயினும் 1195-இல் அரசரின் தயவை இழந்து லுசேனா என்னும் ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. மீண்டும் அழைக்கப்பட்டு, 1198-இல் மராக்கேஷ் நகரில் இறந்தார். அவர் உடலைக் கொர்தோபாவுக்குக் கொண்டுபோகையில், பொதி மிருகத்தின் ஒரு பக்கம் சவப்பெட்டியும், பாரம் ஈடுகட்ட மறுபக்கம் அவர் எழுதிய நூல்களும் ஏற்றியிருந்ததைக் கண்டதாக இப்னு அரபி என்னும் ஞானி எழுதி வைத்திருக்கிறார்.

இனி லத்தீன் திருச்சபைக்கு வருவோம். 1085-இல் கிறிஸ்தவ அரசின் கீழ் வந்த தொலேதோ நகரத்தில் 12-ஆம் நூற்றாண்டில் அரபு நூல்கள் லத்தீனில் பெயர்க்கப்பட்டன. இப்னு சீனாவின் ஆன்ம நூலை அவெந்தாத் என்னும் யூதர் சொல்லுக்குச் சொல் மக்கள் பேச்சுமொழியில் சொல்ல, குந்திசலினு என்னும் குருவானவர் அதைக் கேட்டு லத்தீனில் எழுதினார். இஸ்லாமியர் நூல், யூதர் வாய், குருவானவர் கை. இப்னு ருஷ்துவின் பெரிய உரை 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மைக்கேல் ஸ்காட் என்பவரால் லத்தீனுக்கு வந்தது. பாரீஸ் கலாசாலையில் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களை வகுப்பில் வாசிக்கக்கூடாது என்று 1210-இலும் 1215-இலும் தடை போட்டார்கள். ஆனால் 1255-இல் அதே நூல்கள் அங்கே பாடத்திட்டமாகவே ஆகிவிட்டன. அரிஸ்டாட்டிலைப் படிக்க உரையாசிரியர் வேண்டும். உரையாசிரியர் என்றாலே இப்னு ருஷ்து என்ற நிலை.

ஆகவே 1260-களில் பிரபாந்து நாட்டுச் சீஜர் முதலிய இளம் ஆசிரியர்கள், புத்தி ஒன்றே என்பதை அரிஸ்டாட்டிலின் கருத்தாகக் கற்பிக்கத் தொடங்கினார்கள். விஷயம் வகுப்பறையோடு நிற்கவில்லை. தோமையாரின் சரித்திரத்தை எழுதிய தொக்கோ ஊர் வில்லியம் ஒரு செய்தி சொல்கிறார். பாரீஸில் ஒரு போர்வீரனைப் பாவத்துக்குப் பரிகாரம் செய்யச் சொன்னபோது, புனித இராயப்பரின் ஆன்மா கரையேறினால் என் ஆன்மாவும் கரையேறும், இருவருக்கும் ஒரே புத்திதானே என்று அவன் பதில் சொன்னானாம்! பிரான்சிஸ்கன் சபையின் புனித பொனவெந்தூர் இந்தப் போதனையைக் கடுமையாகத் தாக்கினார். கிறிஸ்துவின் ஆன்மாவும் காட்டிக்கொடுத்த யூதாசின் ஆன்மாவும் ஒன்றென்றால் புண்ணியத்துக்கும் சம்பாவனைக்கும் வித்தியாசம் எங்கே என்பது அவர் கேள்வி.

பிரசங்க பீடத்துக்கு அந்தக் கேள்வி போதும். ஆனால் சீஜரின் மாணவனுக்குப் போதாது. விசுவாசம் அப்படிச் சொல்கிறது, புத்தி இப்படிச் சொல்கிறது என்று அவன் இரண்டையும் இரண்டு பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வான். இந்த இடத்தில்தான் புனித அக்குவினா தோமையார் வருகிறார். மயிலையில் நாம் வணங்கும் அப்போஸ்தலர் அல்லர். இவர் இத்தாலிய தேசத்தவர், புனித சாமிநாதர் சபைத் துறவி. 1270-இல் பாரீஸில், புத்தியின் ஒருமை பற்றி அவெரோயஸைப் பின்பற்றுவோருக்கு எதிராக ஒரு சிறுநூல் எழுதினார். விசுவாச ஏடுகளைக் காட்டி வாதிக்கப் போவதில்லை, தத்துவ ஞானிகளின் சொல்லைக்கொண்டே வாதிப்பேன் என்று முதலிலேயே நிபந்தனை போட்டுக்கொண்டார். சக துறவி மொயர்பெக்கே வில்லியம் கிரேக்கத்திலிருந்து புதிதாய்ப் பெயர்த்த தெமிஸ்தியுவின் நூலை எடுத்து, பழைய கிரேக்க உரைகாரர் எல்லாரும் அவெரோயஸின் பக்கம் இல்லை என்று காட்டினார்.

அவர் வாதம் மிகச் சாதாரணமான ஓர் உண்மையில் நிற்கிறது. இந்த மனிதன் சிந்திக்கிறான். இதை யாரும் மறுக்க முடியாது. மறுப்பதற்கே சிந்திக்க வேண்டும். இப்னு ருஷ்துவின் கணக்குப்படி மனச்சித்திரங்கள் என்னுடையவை, புத்தியோ வேறிடத்தில் இருக்கிறது. அப்படியானால் என் நிலை என்ன? ஒரு சுவரில் நிறம் இருக்கிறது. அந்த நிறத்தைக் கண் பார்க்கிறது. சுவரின் நிறம் கண்ணுக்குள் வந்துவிட்டதால் சுவர் பார்க்கிறது என்று சொல்வோமா? சுவர் பார்க்கப்படுகிறது, அவ்வளவுதான். அதுபோல என் சித்திரங்களை வேறொரு புத்தி அறிந்தால் நான் சிந்திப்பவன் ஆகமாட்டேன், சிந்திக்கப்படும் சுவராகிவிடுவேன். இந்த உவமை ஒன்றுக்காகவே அந்நூலைப் பொன்னால் பொதியலாம் என்பது நம் எண்ணம்.

அப்படியானால் நாற்பது பிள்ளைகளின் கதை? அதற்கும் அவர் விடை சொல்லாமல் விடவில்லை. அறியப்படும் பொருள் வேறு. எதைக்கொண்டு அறிகிறோமோ அது வேறு. நாற்பது பேர் ஒரே கோபுரத்தைப் பார்க்கிறார்கள். கண்கள் எண்பது, கண்ணில் விழுந்த சாயலும் பல, கோபுரம் ஒன்று. அதுபோல முக்கோணத்தின் உண்மை ஒன்று. அதை அறிவதற்குப் புத்தியில் பதிந்த பதிவு பிள்ளைக்குப் பிள்ளை வேறு. ஆசிரியர் தம் அறிவைப் பிள்ளைக்குள் ஊற்றுவதில்லை. வைத்தியர் மருந்து கொடுக்க உடம்பு தானே குணமடைவதுபோல, ஆசிரியர் வழிகாட்டப் பிள்ளை தன் புத்தியாலேயே அறிகிறது. ஆக்கும் புத்தியாகிய வெளிச்சமும் ஒவ்வொரு ஆன்மாவுக்குள்ளும் இறைவன் ஏற்றி வைத்ததே என்றும் அவர் கொண்டார். ரோஜர் பேக்கன் போன்றவர்கள் ஆக்கும் புத்தி கடவுளே என்று பக்தியோடு சொல்லிவந்த காலத்தில், படைக்கப்பட்ட மனிதனுக்கே சொந்த விளக்கு உண்டு என்று ஒரு புனிதர் வாதாடினார்!

மேலும், சித்தம் இருப்பது புத்தியோடு. புத்தி என்னுடையது அல்லவென்றால் சித்தமும் என்னுடையதன்று. அப்போது நன்மைக்குப் புகழும் தீமைக்குப் பழியும் யாருக்கு? நீதிமன்றம் எதற்கு, பாவசங்கீர்த்தனம் எதற்கு? நூலின் முடிவில் வழக்கமாய் அமைதியான தோமையார் கோபப்படுகிறார். புத்தியால் பார்த்தால் ஒருமையே முடிவு, விசுவாசத்தாலோ எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறேன் என்போரை அவர் பொறுக்கவில்லை. அப்படிச் சொன்னால் விசுவாசம் நடக்கவே முடியாத பொய்யைப் பற்றியது என்றாகிவிடுமே! மறுப்பு உள்ளவர்கள் மூலையில் நின்று சின்னப் பையன்களிடம் பேசாமல், எழுதி வெளியிடட்டும் என்று சவாலும் விட்டார். (நம் பங்கிலும் மூலைப்பேச்சு உண்டு, அதை இன்று பேச வேண்டாம்.)

முன்பு சொன்ன பறவைப் பேச்சின் குறையை இப்போது சொல்லலாம். ஆன்மா உடம்பென்னும் கூட்டில் குடியிருக்கும் பறவை என்று தோமையார் எண்ணவில்லை. ஆன்மாவே உடம்பை உடம்பாக்கும் உயிர்வடிவம். இரண்டும் சேர்ந்ததே மனிதன். புத்தியின் செயல் உடலுறுப்புக்கு உட்பட்டதன்று. ஆகவே ஆன்மா உடலின்றியும் நிலைத்திருக்கும். ஆனால் அது முழு மனிதன் அன்று. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்துக்கு உரை எழுதும்போது, ஆன்மா மட்டும் மீட்படைந்தால் நான் மீட்படைந்தவன் ஆகேன் என்ற கருத்தைத் துணிந்து சொல்கிறார். சவரியம்மாளின் ஆன்மா இளைப்பாறுகிறது. சவரியம்மாளோ இன்னும் உயிர்ப்புக்காகக் காத்திருக்கிறாள். கல்லறைத் தோட்டத்தில் நாம் பூவைப்பதும் விளக்கேற்றுவதும் வெறும் மண்ணுக்கு என்று எண்ணிவிட வேண்டாம்.

இத்தனை நல்ல வாதத்துக்கு அன்று கிடைத்த மரியாதை என்ன? 1270 டிசம்பர் 10-ஆம் நாள் பாரீஸ் மேற்றிராணியார் எத்தியேன் தாம்பியே 13 கொள்கைகளைக் கண்டித்தார். எல்லா மனிதருக்கும் புத்தி ஒன்றே என்பது முதலாவது; மனிதன் சிந்திக்கிறான் என்று சொல்வது சரியன்று என்பது இரண்டாவது. அதுவரை நன்று. 1277 மார்ச் 7-ஆம் நாள் அவரே 219 கொள்கைகளைக் கண்டித்தபோது, தோமையாரின் போதனையை ஒட்டிய சிலவும் வலையில் விழுந்தன. அன்றைக்குச் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன், 1274 மார்ச் 7-ஆம் நாள், தோமையார் பொஸ்ஸநோவா மடத்தில் உயிர் நீத்திருந்தார். அதே மாதம் ஆக்ஸ்போர்டில் கான்டர்பரி பேராயர் கில்வர்ட்பி, அவரும் சாமிநாதர் சபையினரே, வேறொரு தடை விதித்தார். ஆன்மாவே உடலின் ஒரே வடிவம் என்றால் கல்லறையில் மூன்று நாள் கிடந்த திருவுடல் கிறிஸ்துவின் உடல் ஆகுமா என்று எதிரிகள் கேட்டார்கள். அக்கேள்வி பல ஆண்டு புகைந்தது. 1323-இல் தோமையாருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதன் பிறகே, 1325-இல், அன்றைய பாரீஸ் மேற்றிராணியார் பழைய கண்டனத்தைத் தோமையாரைத் தொட்ட அளவில் நீக்கினார். பட்டியல் போட்டுத் தடை செய்வதில் வேகம் உண்டு. வாதத்தைப் படித்துப் பார்க்கும் பொறுமை அதில் இருப்பதில்லை. 1513-இல் ஐந்தாம் லாத்தரான் சங்கம் ஆன்மா அழியும் என்பதையும், அனைவருக்கும் ஒன்றே என்பதையும் திருச்சபை முழுவதற்கும் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது.

சீஜர் என்ன ஆனார்? தோமையாரின் நூலைப் படித்தபின் அவர் கருத்து மெல்ல மாறியது. பிந்திய நூல் ஒன்றில் புத்தி ஆளுக்கு ஒன்று என்ற பக்கம் வந்து சேர்ந்தார். 1284-க்கு முன் ஓர்வியேத்தோ நகரில் இறந்தார். இத்தாலியக் கவி தாந்தே தம் காவியத்தில் சீஜரை மோட்சத்தில் வைத்து, அவரை அறிமுகப்படுத்தும் பொறுப்பைத் தோமையாரிடமே கொடுத்திருக்கிறார். இப்னு சீனாவையும் இப்னு ருஷ்துவையும் வேதனையற்ற இடமாகிய லிம்போவில் அரிஸ்டாட்டிலின் கூட்டத்தோடு அமர்த்தினார். ஓவியர்கள் அவ்வளவு தாராளமாய் இல்லை. புளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா மடத்தில் 1360-களில் தீட்டிய சுவரோவியத்தில், சிம்மாசனத்தில் தோமையார், அவர் காலடியில் ஆரியு, சபேல்லியு என்ற பதிதரோடு அவெரோயஸும் குந்தியிருக்கிறார். தோமையார் தம் நூல்களில் அவரை உரையாசிரியர் என்ற பட்டத்தாலேயே எத்தனையோ இடங்களில் குறிப்பிட்டிருக்கையில், இந்தப் படம் நமக்கு நெருடலாகவே இருக்கிறது.

இன்னொரு செய்தி. இப்னு ருஷ்துவின் ஆன்ம நூற் பெரிய உரை இன்று அரபியில் முழுமையாக இல்லை, துணுக்குகளே எஞ்சின. லத்தீனில்தான் முழுநூல் கிடைக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள், மறுப்பதற்காகவும் மெச்சுவதற்காகவும் அதை விடாமல் படியெடுத்து வந்த கிறிஸ்தவர்கள்.